ரெண்டே ரெண்டு விரல்

மோக்கா ஊரில் பெல்கிஸுடைய கைராசியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. வளர்பிறையில் அவள் கையால் நுனி வெட்டிக்கொண்டால் முடி கிடுகிடுவென்று வளரும் என்று அந்த ஊர்ப் பெண்கள் சத்தியம் செய்தே சொல்வார்கள். அவளுடைய அண்ணி தில்சியாவுக்குக் கைராசி அறவே கிடையாது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இத்தனைக்கும் தில்சியா தலைநகரில் இரண்டு வருஷம் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். அந்தச் சான்றிதழ் பெல்கிஸின் பார்லரில்தான் காலண்டருக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்கியது. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு அவள் தலை கழுவிவிட்டாள், ரோலர் சுற்றினாள், கை ஓயும்வரை டிரையர் பிடித்தாள். கத்திரிக்கோலை மட்டும் அவள் கையில் கொடுக்க ஒருத்திக்கும் மனசு வரவில்லை. நுனி வெட்டும் நேரம் வந்தால் "பெல்கிஸ், நீ வா" என்று குரல் கொடுப்பார்கள். தில்சியா சீப்பை நாத்தனாரிடம் நீட்டிவிட்டு ஓரமாக நிற்பாள். நாற்பதை நெருங்குகிற, தொழில் தெரிந்த ஒரு பெண்ணை அப்படி ஓரமாக நிற்க வைத்தால் அவள் வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவள் ஒன்றும் பெரிதாக ஆசைப்படவில்லை. யாராவது ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து, "தில்சியா, நீயே வெட்டு" என்று சொல்ல வேண்டும். அது போதும் அவளுக்கு.

இந்தக் கெட்ட பெயருக்குப் பிள்ளையார் சுழி போட்டவள் தோன்யா உபால்தினா. மூத்த பெண்களை அந்த ஊரில் மரியாதையாகத் தோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருமுனையில் லாட்டரிக் கடை வைத்திருப்பவள். எந்த எண் விழும் என்று அவளுக்கும் தெரியாது; ஆனால் யாருக்கு ராசி உண்டு, யாருக்கு இல்லை என்பதில் அவள் வாயிலிருந்து வருவதுதான் ஊருக்குத் தீர்ப்பு. தில்சியா, பெல்கிஸின் அண்ணன் விரியாத்தோவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த புதிதில் முதன்முதலாக முடி வெட்டிவிட்டது இவளுக்குத்தான். அழகாகத்தான் வெட்டினாள். அடுத்த மாதம் உபால்தினாவுக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் இறங்கியதும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. டெங்கு வந்தால் எவளுக்கும்தான் கொட்டும். ஆனால் லாட்டரிச் சீட்டோடு சேர்ந்து "அவள் கை ஆகாத கை" என்ற செய்தியும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், கொஞ்ச நாளில் தில்சியாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். யாருக்கும் தெரியாமல் ஒரு கிழவியிடம் போய், ஏதோ பச்சிலை ஊறிய தண்ணீரில் ஒன்பது வெள்ளிக்கிழமை கையை நனைத்துக்கொண்டு வந்தாள். கை பச்சையானதுதான் மிச்சம்.

அந்த வருஷம் மாதா திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தபோது, சரியாக அமாவாசைக்கு மறுநாள், பெல்கிஸ் ஒரு ஞானஸ்நான விருந்தில் புதுக் குதிகால் செருப்போடு ஆடப்போய் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். கை முழுக்க மாவுக்கட்டு. வளர்பிறை தொடங்கிவிட்டது, திருவிழா வாசலில் நிற்கிறது, கைராசிக்காரியின் கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்குகிறது.

மறுநாள் காலை ஆறு பெண்கள் வந்தார்கள். கட்டைப் பார்த்தார்கள், தில்சியாவைப் பார்த்தார்கள். ஒருத்திக்கு அடுப்பில் பீன்ஸ் வைத்தது ஞாபகம் வந்தது. இன்னொருத்திக்குத் திடீரென்று தலைவலி. கடைசியில் மிஞ்சியவள் வங்கியில் வேலை பார்க்கும் யானிரிஸ் மட்டும். அவளும் எழுந்து வாசல்வரை போய்விட்டு, யோசனையோடு திரும்பி வந்தாள். தில்சியா வெட்டட்டும், ஆனால் வெட்டி முடிக்கும்வரை பெல்கிஸின் நல்ல கை தன் தலையில் இருக்க வேண்டும், அப்படியானால் சம்மதம் என்றாள்.

பெல்கிஸுக்கு இது நல்ல யோசனையாகவே பட்டது. தில்சியாவுக்குப் பாதி அவமானம், பாதி சந்தோஷம். எப்படியானாலும் கத்திரிக்கோல் கைக்கு வந்ததே. யானிரிஸ் இரண்டே இரண்டு விரல் அளவு என்றாள். தில்சியா ஈர முடியைச் சீவி இழுத்து, இரண்டு விரல் விட்டுக் கத்திரியை வைத்தாள். உடனே அவள் விலாவில் மாவுக்கட்டு இடித்தது. திரும்பிப் பார்த்தால், யானிரிஸின் உச்சந்தலையில் இடது கையை வைத்துக்கொண்டு பாதிரியார் மாதிரி நிற்கும் பெல்கிஸ் கண்ணை உருட்டினாள். தில்சியா கத்திரியைக் கீழே இறக்கினாள். மறுபடியும் இடி. இன்னும் கீழே. கடைசியில் மூச்சுக்காற்றில் பறக்கிற அளவுக்குத்தான் முடி விழுந்தது. யானிரிஸ் மகிழ்ச்சியாக டிரையருக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

தில்சியா நாத்தனாரைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே காப்பி கொதித்துக்கொண்டிருந்தது.

"என் விலா எலும்பையும் ஒடிச்சு ஜோடி சேர்க்கலாம்னு பார்த்தியா?"

"பின்னே என்ன அண்ணி, முழுசா ரெண்டு விரல் வெட்டப் போயிட்டீங்க!"

"அவ ரெண்டு விரல்னுதானே சொன்னா?"

"சொல்லுவா. ரெண்டு விரல் போச்சுன்னா அழுவா. அரை விரல் வெட்டணும். அப்புறம் சத்தத்துக்காக நாலு தடவை காத்தை வெட்டணும். வெட்டிக்கிட்ட மாதிரியும் இருக்கணும், முடியும் போயிடக் கூடாது. அதுதான் அவங்களுக்கு வேணும்."

"அப்போ உன் கைராசி?"

பெல்கிஸ் இடது கையால் காப்பியைக் குடித்தாள். "வெட்டினாத்தானே அண்ணி குறையும்?"

தில்சியாவுக்கு முதலில் வந்தது கோபம். ஒன்பது வெள்ளிக்கிழமை! இரண்டு வருஷமாகத் தன் கையைத் தானே திட்டிக்கொண்டிருந்தவள் அவள். அதற்குப் பிறகு, அவளே எதிர்பார்க்காமல், சிரிப்பு வந்தது. அது அடங்காமல் காப்பி மூக்கில் ஏறியது. பெல்கிஸும் சிரித்தாள். ஆனால், இதை வெளியே மூச்சு விட்டால் அண்ணி என்றும் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவைக்கவும் அவள் மறக்கவில்லை.

அடுத்த பத்து நாளும் பார்லரில் நிற்க இடமில்லை. கரண்டு போகும், இன்வெர்ட்டர் முனகும், ரோலர் தலையோடு பெண்கள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதையை அலசுவார்கள். உள்ளே ஒவ்வொரு தலையிலும் பெல்கிஸின் இடது கை. ஒவ்வொரு நுனியிலும் தில்சியாவின் கத்திரி. வேலை முழுக்க இவளுடையது, பெயர் முழுக்க அவளுக்கு. கைராசி என்றால் இதுதான் கைராசி, தில்சியாவின் கை வழியாக வந்தாலும் கெடவில்லை பார் என்று இவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். பெல்கிஸ் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வாள். அந்த நேரங்களில் தில்சியாவுக்கு அந்த நல்ல கையையும் ஒடித்துவிடலாமா என்றிருக்கும்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பிற்பகலில், தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தோன்யா உபால்தினா வந்தாள். காத்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அவள் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள்.

முடியை நேராக்கும் க்ரீமை வீட்டிலேயே போட்டுக்கொண்டு, சீரியல் பார்த்த மும்முரத்தில் நேரத்தை மறந்திருக்கிறாள். நுனியெல்லாம் வெந்து, தேய்ந்த துடைப்பம் போல நின்றது. அந்த வருஷம் மாதா கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் போகப் போகிறவள் அவள். ஊர் முழுக்க இரண்டு மணி நேரம் அவள் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு நடக்கும்.

"ரெண்டு விரல், அவ்வளவுதான்" என்றாள் உபால்தினா. "பெல்கிஸ், கையை வை."

பெல்கிஸ் கையை வைத்தாள். மாவுக்கட்டு தில்சியாவின் விலாவைத் தொட்டது. அரை விரல் என்று அர்த்தம்.

தில்சியா சீப்போடு நின்றாள். அரை விரல் வெட்டிக் காற்றில் சத்தம் காட்டினால் இந்தத் துடைப்பம் அப்படியே ஊர்வலம் போகும். பார்த்தவர்கள் பழியைப் போடப்போவது பெல்கிஸ் கைமேல் இல்லை. கேட்காமலே நாலு விரல் வெட்டினால் முடி அழகாகிவிடும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைத்தானே செய்தாள்? அப்போதும் உபால்தினா கேட்டது இரண்டு விரல். தலைநகரில் படித்த மிடுக்கில், இந்த அம்மாளுக்கு என்ன தெரியும் என்று நாலு விரல் வெட்டினாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அது அவள் ஞாபகத்துக்கு வந்ததில்லை. இப்போது வந்தபோது முகம் சூடாகிவிட்டது.

அவள் கத்திரியைக் கீழே வைத்தாள். நாற்காலியைத் திருப்பி, உபால்தினாவின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, பின்பக்கம் தெரியும்படி பிடிக்கச் சொன்னாள்.

"தோன்யா, நுனி எல்லாம் வெந்து போயிருக்கு. எவ்வளவு எடுக்கணும்னு நான் சொல்லலை. உங்க விரலாலேயே பிடிச்சுக் காட்டுங்க. நீங்க காட்டுற இடத்துக்கு ஒரு நூல் மேலேயும் வெட்ட மாட்டேன், கீழேயும் வெட்ட மாட்டேன்."

மாவுக்கட்டு விலாவில் பலமாக இடித்தது. தில்சியா நகரவில்லை.

உபால்தினா கண்ணாடியில் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்:

"என் முடி எதனால கொட்டுச்சுன்னு நினைக்கிறே?"

"டெங்கு" என்றாள் தில்சியா.

"டெங்குன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன முட்டாளா? கொட்டினது அப்புறம். நான் ரெண்டு விரல்னு சொன்னேன். என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் அது. அவர் இருந்தப்போ இருந்த முடி அது. நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

தில்சியா அவள் முன்னால் வந்து நின்றாள்.

"கேக்கலை, தோன்யா" என்றாள் தில்சியா. "தப்பு என்னுதுதான்." சமாதானமாக இன்னும் நாலு வார்த்தை சேர்க்கலாமா என்று பார்த்தாள். சேர்க்கிறதற்கு ஒன்றும் இல்லை.

உபால்தினா முடியை முன்னால் எடுத்துப்போட்டு நுனியை இரண்டு விரலால் பிடித்தாள். தடவிப் பார்த்தாள். விரல்கள் மெதுவாக மேலே ஏறின. மூன்று விரல் அளவு, நாலு. நாலில் நிற்கும் என்றுதான் தில்சியா நினைத்தாள். ஐந்தில் போய் நின்றது.

"இங்கே."

"ஐயோ, அவ்வளவா?" என்றாள் பெல்கிஸ். வாய் தவறித்தான் வந்தது.

"என் முடி, நான் சொல்றேன். நீ கையை எடு, பெல்கிஸ். காலையிலேருந்து எத்தனை தலையில வச்சியோ, கனக்குது."

பெல்கிஸ் கையை எடுத்தாள். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

தில்சியா வெட்டினாள். காற்றை ஒரு தடவைகூட வெட்டவில்லை. ஒவ்வொரு பிடிக்கும் நிறுத்தி, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து, தலையசைப்பு கிடைத்த பிறகே அடுத்த பிடிக்குப் போனாள். ரோலர் சுற்றி, காயவைத்து, சீவி விட்டபோது முடி தோளில் கனமாக விழுந்து ஆடியது. உபால்தினா இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள், வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள், எழுந்து நின்று கொடி பிடித்தாற்போல் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டால் அவள் உபால்தினா இல்லை. உதட்டைக் குவித்துத் தில்சியாவைச் சுட்டிக்காட்டி, காத்திருந்தவர்களைப் பார்த்து, "இவளோட முழுப் பேர் என்ன? கடைக்கு வர்றவங்க கேட்டா நான் சொல்லணுமில்லே" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அவள் பெல்கிஸின் அண்ணிதான். "தில்சியா மெர்செதெஸ் பவுலீனோ" என்று அவளே சொன்னாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

உபால்தினா போனதும், உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் தங்கள் தங்கள் முடியை முன்னால் இழுத்துப் போட்டு விரலால் அளக்க ஆரம்பித்தார்கள். எனக்கு மூன்று, இல்லை இரண்டரை, உனக்கு எதற்கு அவ்வளவு என்று ஒரே கூச்சல். அடுத்தது யார் முறை என்று தில்சியா கேட்பதற்குள் நாற்காலியில் ஒருத்தி வந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

பெல்கிஸ்.

தன் நுனி வெட்டிக்கொள்ள அவள் மாதாமாதம் பஸ் ஏறிப் பக்கத்து நகரமான சந்தியாகோவுக்குப் போய்வருவாள். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிக்கொள்வாள். தில்சியாவுக்கு அது தெரியும். தெரிந்ததாக ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை.

"என்ன, பல்லு வலிக்குதா?" என்று கேட்டாள் தில்சியா.

பெல்கிஸின் காது சிவந்தது. அவள் இடது கையால் தலைக் கொண்டையை அவிழ்த்து, முடியைத் தோளுக்கு முன்னால் போட்டு, விரலால் பிடித்துக் காட்டினாள்.

"மூணு விரல் அண்ணி. மூணுன்னா மூணு."

தில்சியா அவள் தோளில் துணியைப் போர்த்தி, முடியை நனைத்துச் சீவி, கத்திரியை எடுத்தாள்.