வராதவர்கள்: ஒருவருமில்லை

நாகேந்திரம் தன் மகளின் கல்யாணப் படங்களிலிருந்து காணாமல் போனது 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெள்ளவத்தைச் சந்தையில் அன்று ஒரு தேங்காய் இருநூற்றுப் பத்து ரூபாய். படத்தில் அவர் நின்ற இடத்தில் அவருடைய தம்பி நின்றார். தாரை வார்த்த கையும் தம்பியினுடையதுதான். அவர் பட அல்பத்தைக் காட்டி இது என்னவென்று கேட்டபோது மனைவி பத்மாவதி தேத்தண்ணீரை மேசையில் வைத்தாள். "கூட்டத்தை விட்டிட்டு வரேலாது எண்டு நிண்டனீங்கள். இப்ப என்ன புதுசாக் கேக்கிறியள்?" என்றாள். இருபது மாதமாக மகள் தன்னோடு கதைப்பதில்லை என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாகேந்திரம், காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே மூன்று மாடிகளில் நடந்துவந்த தனியார் உயர்கல்வி நிறுவனத்தின் பீடாதிபதி. வெள்ளிக்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. அது சரியென்று எழுதாவிட்டால் இருநூற்றுப் பதினான்கு பேருடைய பட்டம் செல்லாது. பரீட்சைச் சீர்திருத்தக் குழு மூன்று வருடமாக மாதந்தோறும் கூடியதற்கான அறிக்கைகளை அவர்கள் கேட்டிருந்தார்கள். அந்தக் குழு ஒருநாளும் கூடியதில்லை. ஆறு வருடமாக அதே பதினொரு கேள்விகள் மாறி மாறி வந்தன. விடைகள் கீழே, புடவைக்கடைக்குப் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடையில் விற்பனைக்கு இருந்தன. ஆகவே சீர்திருத்தக் குழுவின் மூன்று உறுப்பினர்களும் அதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருந்து முப்பத்தாறு கூட்டங்களை எழுதினார்கள். நாகேந்திரத்தைத் தவிர மற்ற இருவர் புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் சுபோதினியும், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் பரீட்சை அலுவலர் டெரிக்கும். விதிக்கோவையில் மாதத்தின் இரண்டாம் புதன், பிற்பகல் மூன்று மணி என்றிருந்ததால் எல்லாவற்றுக்கும் அதையே போட்டார்கள்.

"ஒண்டு ரெண்டு கூட்டத்துக்காவது யாரோ வரல்லன்னு போடுவோம் சேர். அப்பதான் உண்மை மாதிரி இருக்கும்" என்றார் டெரிக்.

"சும்மா இரும். ஒருத்தரும் லீவு எடுக்கேல்லை எண்டு இருந்தாத்தான் வடிவு" என்றார் நாகேந்திரம்.

அப்படியே ஒவ்வொரு அறிக்கையின் கடைசி வரியும் 'வராதவர்கள்: ஒருவருமில்லை' என்றானது. தீர்மானங்களை எழுதும் வேலை சுபோதினிக்கு விடப்பட்டது. பத்து வருடமாகச் சொல்ல இடம் கிடைக்காத எல்லாவற்றையும் அவள் எழுதினாள். ஒரு கேள்வி இரண்டு முறை வரக்கூடாது, ஒவ்வொரு விடைத்தாளையும் இருவர் தனித்தனியே திருத்தவேண்டும், மனப்பாடத்துக்குப் புள்ளி கிடையாது. திங்கட்கிழமை மூவரும் கையொப்பமிட்டார்கள். மறுநாள் விடிந்தபோது முப்பத்தாறு கூட்டங்களும் நடந்து முடிந்திருந்தன.

அலுமாரியில் இருந்த பழைய வினாத்தாள்களில் ஒரு கேள்வியும் திரும்பி வந்திருக்கவில்லை. விடைத்தாள்களில் சிவப்பிலும் பச்சையிலும் இரண்டு புள்ளிகள் இருந்தன. போட்டோகொப்பிக் கடைக்காரர் எப்போதோ கடையை மாற்றிப் பழச்சாறு விற்றுக்கொண்டிருந்தார். முந்தைய வருடம் ஓர் இரண்டாம் புதன் பிற்பகல் மருதானையில் பஸ்ஸிலிருந்து விழுந்து நொண்டியான டெரிக், ஊன்றுகோல் இல்லாமல் மூன்று மாடியும் ஏறி வந்தார். அந்தப் புதன் மூன்று மணிக்கு அவர் கூட்டத்தில் இருந்திருக்கிறார். "கால் வந்திருக்கு மிஸ். நான் எதுக்குக் கேள்வி கேக்கணும்?" என்றார். 2024இல் முப்பத்தெட்டுப் புள்ளியோடு பட்டம் கிடைக்காமல் போன மிதுனா என்ற மாணவி, உதவி விரிவுரையாளராக அடுத்த மேசையில் இருந்து "குட் மோர்னிங் மிஸ்" என்றாள். இரண்டாவதாகத் திருத்தியவர் அவளுக்கு அறுபத்தொன்று போட்டிருந்தார். அறிக்கையில் பெயருள்ள மூவருக்கு மட்டும் பழைய காலம் ஞாபகமிருந்தது. மற்றவர்களுக்குப் புதியது மட்டுமே.

பதினொரு மணியளவில் சுபோதினி, விடைத்தாள்களுக்கு இரண்டாம் திருத்தம் தீர்மானிக்கப்பட்ட கூட்டத்தின் திகதியைப் பார்த்தாள். 2023 நவம்பர், இரண்டாம் புதன். அன்று பிற்பகல் மூன்றே முக்காலுக்கு அவளுடைய அப்பா அவள் கையைப் பிடித்தபடி இறந்தார். வெளியே மழையா என்று கேட்டார், ஓம் என்றாள், அவ்வளவுதான். அவள் தாய்க்குப் போன் எடுத்தாள்.

"அப்பா போகேக்க ஆரம்மா பக்கத்தில இருந்தது?"

"இதென்ன கேள்வி பிள்ளை? நான்தான். உன்னை வருவாய் வருவாய் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டிருந்தவர். நீ வரேக்க ஆறு மணி."

புதன்கிழமை நாகேந்திரம் ஒரு வழி கண்டுபிடித்தார். கல்யாண நாளின் அறிக்கையில் கடைசி வரியை வெட்டி, வராதவர் என்று தன் பெயரை எழுதிச் சுருக்கொப்பமிட்டார். பத்து நிமிடத்தில் மகள் போன் எடுத்து, மீன் வாங்கியிருக்கிறேன், சாப்பிட வாருங்கள் என்றாள். அந்தக் கூட்டத்தில் அவர் வாயே திறந்திராதபடியால் வேறொன்றும் மாறவில்லை. "நீரும் எழுதும் சுபோ, யோசியாதையும்" என்றார். சுபோதினியும் அந்த நவம்பர் அறிக்கையில் வராதவர் என்று தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்துத் தலையை உயர்த்தியபோது அடுத்த மேசையில் பழைய பைல்கள் குவிந்திருந்தன. இரண்டாம் திருத்தத்தைப் பற்றி அவள் கதைக்காவிட்டால் வேறு யாரும் கதைத்திருக்கப்போவதில்லை. விடைத்தாள்களில் பச்சை மை இல்லை. மிதுனாவின் தாளில் முப்பத்தெட்டு மட்டும் இருந்தது. அவளைப் போல இன்னும் இருபத்தாறு பேர். மிதுனா எங்கே என்று கேட்டதற்கு, அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில் நிற்பதாக டெரிக் சொன்னார், தான் போன கிழமை கண்டதாகவும்.

சுபோதினி மூன்றே முக்கால் வரை அப்படியே இருந்தாள். அவ்வளவு நேரமும் அப்பாவின் விரல்களின் சூடு அவள் உள்ளங்கையில் இருந்தது. பிறகு வராதவர் வரியில் தன் பெயரை வெட்டினாள். மிதுனா கதவைத் திறந்துகொண்டு வந்து, "மிஸ், உங்களுக்கும் தேத்தண்ணி சொல்லவா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்த குழுவின் தலைவர் இஸ்ஸதீன், இவ்வளவு ஒழுங்கான வருகைப் பதிவைத் தான் எங்கும் கண்டதில்லை என்றார். நிறுவனத்துக்கு 'மிக நன்று' கிடைத்தது. அதன்பிறகு இரண்டாம் புதன்தோறும் கூட்டம் மெய்யாகவே நடக்கிறது. வர முடியாதவர் பெயர் முதலில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் அப்பாவின் திவசத்துக்கு வரும் உறவினரிடம், அவர் கடைசியில் ஒரு சொல்லும் சொல்லாமல் போனார் என்று அம்மா சொல்வாள். சுபோதினி வாழையிலையில் சோறு பரிமாறிக்கொண்டிருப்பாள். அவள் திருத்துவதில்லை.