கடலுக்கடியில் ரெஜினாவின் லில்லி

"கூர்முனை மேல இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல..."

"ஏண்டி, வலைக்கம்பு ஊண்டுறப்ப கூர்முனை கீழதானே போகும்? ஒலகத்துல எந்தக் கம்ப..."

"இது கம்பா? கிழங்குங்க, கிழங்கு! இப்பப் பாருங்க, பூ கடலுக்குள்ள பூத்துக் கெடக்கு!"

அக்காள்மடத்தில் வேதமுத்து தலைகீழாக நட்ட லில்லி, அவர் வீட்டிலிருந்து இரண்டு பர்லாங் தள்ளி, இரண்டு ஆள் ஆழத்தில் கடலடியில் பூத்தது உண்மைதான். நண்டு விலை இறங்கியிருந்த வாரம் அது. பாசி எடுக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கிய பக்கத்து வீட்டு யாகப்பம்மாள்தான் முதலில் பார்த்தாள். பாசிக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஆறு இதழ் விரித்து நின்ற பூவை ஒரு கிளிமீன் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மேலே வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டு வெற்றிலையைக் கேட்டு வாங்கிப் போட்டாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். கீழே போன முளை, தண்ணீரைக் கண்டதும் மேலே திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான்.

அவர் மனைவி ரெஜினாவுக்கு அந்தப் பூ அழகுக்கு அல்ல. மூன்று வருடத்துக்கு முன் இன்ஜின் நின்றுபோய் வேதமுத்து நான்கு நாள் கடலில் கிடந்தபோது, "ஆள உசுரோட குடு தாயே, என் மண்ணுல வேர்விட்ட மொதப் பூவ என் கையாலயே பறிச்சு ஒனக்கு வைக்கிறேன்" என்று மாதா கெபியில் நேர்ந்துகொண்டாள். ஆள் வந்துவிட்டார், கூடவே அவருடைய வாயும் வந்துவிட்டது. பூதான் வரவில்லை. அவள் மண் உப்பு மண். மல்லிகை கருகியது, ரோஜா ஒரு வாரம் யோசித்துவிட்டுச் செத்தது. மாதா பிறந்தநாளான செப்டம்பர் எட்டாம் தேதி வருடா வருடம் கெபிக்கு வெறுங்கையோடு போய், மாதாவின் முகத்தைப் பார்க்காமல் மெழுகுவர்த்தியை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் ராமநாதபுரத்து நர்சரிக்காரர் ஒருவர், எந்த மண்ணிலும் வரும், ஆனால் பறித்த பூ ஒரு பகல்தான் நிற்கும் என்று சொல்லிப் பதினெட்டுக் கிழங்கு கொடுத்தார். அவள் தங்கச்சிமடத்துக்கு ஒரு துக்கத்துக்குப் போன நேரம் பார்த்து, உதவி செய்கிறேன் பேர்வழி என்று வேதமுத்து பதினெட்டையும் நூல் பிடித்தாற்போல் வரிசையாக அடித்து இறக்கினார். கூர்முனை கீழே. பதினேழு அழுகிப்போயின, ஒன்று மட்டும் கீழ்நோக்கி முளைவிட்டது.

கடலில் பூத்தது அவள் மண்ணில் வேர்விட்டதாகுமா என்று தெருவே கட்சி கட்டியது. யாகப்பம்மாள் மறுநாள் காலை பத்து மணிக்கு முங்கிப் பூத்தண்டை லேசாக இழுத்தாள். அதே பத்து மணிக்கு ரெஜினாவின் தோட்டத்து மண் குழிந்து, மேலே நின்ற கோழி முழங்கால்வரை இறங்கியது. மூன்று தடவை இழுத்தாள், மூன்று தடவையும் இறங்கியது. கோழி அன்றோடு வேறு வீட்டில் முட்டையிடப் போய்விட்டது. வேர் எந்த வீடோ பூ அந்த வீடுதான் என்று பங்குச் சாமியாரும் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். ஆனால் பறிக்கலாமென்று யாகப்பம்மாள் கை நீட்டினால் பூ உதட்டை இறுக்கிக்கொண்டது. ரெஜினாதான் முங்க வேண்டும்.

அந்த நான்கு நாளுக்குப் பிறகு ரெஜினா கடலில் கால் நனைத்ததில்லை. கடல் தெரிகிற திருப்பத்தில் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மீன் குழம்பு மட்டும் விதிவிலக்கு.

"நான் கடலோட பேசுறதில்ல மதினி" என்றாள் யாகப்பம்மாளிடம்.

"பேச யாரு சொன்னா? முங்கு, பறி, வா. தண்ணிக்குள்ள வாயத் தொறந்தா நீதான் குடிப்ப."

செப்டம்பர் எட்டு காலையில் வேதமுத்து வள்ளத்தில் மனைவியையும் யாகப்பம்மாளையும் ஏற்றிக்கொண்டு போனார். ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். வேதமுத்து ஜெபமாலையை எடுத்தார். பத்து மணிகளை உருட்டி முடித்தார், ஆள் வரவில்லை. ஐம்பத்து மூன்று மணிகளும் முடிந்தன. மறுபடி முதல் மணியிலிருந்து தொடங்கினார். யாகப்பம்மாள் முங்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்ன மதினி? என்ன ஆச்சு அவளுக்கு?"

"ஒண்ணும் ஆகல. மணல்ல சம்மணம் போட்டு ஒக்காந்து, வெரல ஆட்டி ஆட்டிக் கடலத் திட்டிக்கிட்டு இருக்கா. நீங்க கெடந்த நாலு நாள்ல இப்பத்தான் ரெண்டாம் நாளுக்கான திட்டு முடிஞ்சிருக்கு."

அன்று பாம்பன் முதல் தனுஷ்கோடி வரை ஓர் அலைகூட எழவில்லை. பதினொன்றரைக்கு ரெஜினா மேலே வந்தாள். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கையிலிருந்த பூவில் ஈரமில்லை. நேரே கெபிக்குப் போய் மாதாவின் காலடியில் வைத்து, மூன்று வருடத்தில் முதல் தடவையாக முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தியில் பூ, அதன் வழக்கப்படி, சுருண்டது. நேர்ச்சை முடிந்தது, இனி ரெஜினாவுக்குக் கடல் பக்கம் சோலியில்லை என்று தெரு பேசிக்கொண்டது. வேதமுத்துவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு சோற்றில் கை வைத்தார். குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள்:

"ஏங்க, நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்புறோம்?"