யார்ன்ஷோல்டு வீட்டு இரும்பு

ஆம்பூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த எப்பா யார்ன்ஷோல்டு, சுவீடன் நாட்டுப் பிரபு குடும்பத்துப் பெண். இருநூறு வருடமாக இரும்பு உருக்கி விற்ற குடும்பம் அது. அந்த இரும்பில் பாதி பீரங்கியானது என்று தெரிந்ததும் அவள் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள்.

1953இல் அப்பா இறந்தார். ஆலையை விற்கக் கையெழுத்துக் கேட்டு அண்ணன் பத்திரம் அனுப்பினான். அந்த ஆலையைத் தலைமுழுகினால் போதும் என்றிருந்தது எப்பாவுக்கு.

பத்திரம் வந்த அன்று காலை, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பில் வெந்த கைக்குக் கட்டுப்போட, தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்யும் கனகராஜ் வந்தார். அவர் தோளில், துணியில் சுற்றிய தோல் சீவும் கத்தி இருந்தது.

"இத்த எங்கியும் வுட்டுட்டு வர மாட்டேன் சிஸ்டர். எங்கப்பா காலத்து கத்தி, இன்னும் மழுங்கல. எங்க வீட்ல அஞ்சு பேரு சாப்புட்றது இதாலதான்."

துணி விலகியது. இரும்பில் அவள் வீட்டு முத்திரை இருந்தது. எப்பா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னா சிஸ்டர்?"

"எங்க ஊரு இரும்பு," என்றாள்.

அன்றே அண்ணனுக்கு எழுதினாள்: 'மற்றதெல்லாம் விற்றுவிடு. ஆலையில் இருக்கும் கத்திப் பட்டறையை மட்டும் என் பங்காக வைத்துக்கொள்கிறேன்.'

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. 'சரி எப்பா. அதை நானே பார்த்துக்கொள்கிறேன். ஒரு தடவை வந்து போயேன்.' அவள் இரண்டு முறை படித்துவிட்டு வார்டுக்குப் போனாள்.