வாசிக்க விடாத தாள்

மகள் பிம் என்றால் ராத்ரிக்கு உயிர். மகனாய்ப் பிறந்த பிள்ளை பதினாறு வயதில் "நான் பொண்ணும்மா" என்றபோது, "எனக்கு எப்பவோ தெரியும், சோத்தைத் தின்னு" என்று முடித்துக்கொண்டவள் அவள்.

பாங்காக்கில், பிம்மின் துருத்திய நெற்றி எலும்பைப் பெண் நெற்றியாய்த் தட்டையாக்கும் அறுவை சிகிச்சைக்கு முன்னால், நர்ஸ் ஒரு தாளை எடுத்து ஆபத்துகளை வாசிக்க ஆரம்பித்தாள். மரத்துப்போகலாம், சீழ் பிடிக்கலாம்... ராத்ரிக்குப் பொறுக்கவில்லை.

"வாயை மூடும்மா! கத்தி வைக்கப்போற நேரத்துல நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"கேட்டுத்தான் ஆகணும்மா. என்னென்ன செய்யக் கூடாதுன்னு கீழ..."

"எல்லாம் புத்தர் பார்த்துப்பார். குடு, கையெழுத்துப் போடுவா."

பிம் சிரித்துக்கொண்டே போட்டாள். அவர்களுக்குத் தந்த பிரதி வீட்டுச் சாமி அலமாரியில் மடங்கிக் கிடந்தது.

சிகிச்சை முடிந்து வீடு வந்த பிறகு, ஒன்பதாம் நாள், கஞ்சி குடித்து நாக்கு செத்துப்போச்சு என்று பிம் புலம்பினாள். தெருவில் சாப்பாட்டுக்கடை போட்டிருக்கும் ராத்ரிக்கு அது போதாதா? துளசி போட்டுப் பன்றிக்கறி வறுக்க, மிளகாயையும் பூண்டையும் காய்ந்த எண்ணெயில் கொட்டினாள். நெடி கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரன் இருமிக்கொண்டே திட்டினான். பிம்முக்கு மூக்கு துடித்தது.

"அடக்குடி, அடக்கு! தையல் பிரிஞ்சிடும்!"

பாய்ந்து வந்து மகளின் மூக்கையும் வாயையும் தானே இறுகப் பொத்தினாள். தும்மல் உள்ளேயே வெடித்தது.

ஐயோ, அடுத்து நடந்ததை ராத்ரியால் நம்பவே முடியவில்லை. நெற்றி பொம்மென்று எழும்பியது. இடது இமை வீங்கி மூடிக்கொண்டது. தொட்டால் தோலுக்கடியில் அப்பளம்போல் நொறுநொறுவென்றது.

"அம்மா, கண்ணு தெரியலம்மா!"

ராத்ரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பை அணைத்ததே பக்கத்து வீட்டுக்காரன்தான்.

"தும்மல் வந்தா வாயைத் திறந்து விட்டுடணும், அடக்கவே கூடாதுன்னு தாள்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கே!" ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார். "யார் அடக்கச் சொன்னது?"

ராத்ரி தன் கையைப் பார்த்தாள். பூண்டு வாடை இன்னும் போகவில்லை.

"நானாத்தான் அடக்கினேன் டாக்டர்" என்று பிம் முந்திக்கொண்டாள்.

ஸ்கேன் வந்தது. வெட்டி ஒட்டவைத்த நெற்றி எலும்பு நகர்ந்திருந்தது. அடக்கிய தும்மலின் காற்று அந்த இடுக்கு வழியாகத் தோலுக்கடியிலும் மூளைப் பக்கம் வரையிலும் எட்டியிருந்தது. நெற்றியை உடனே மறுபடி திறந்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

அதே நர்ஸ் புதுத் தாளோடு வந்தாள். ராத்ரியைப் பார்த்ததும் தயங்கினாள்.

"கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்மா..."

"வாசிம்மா." ராத்ரி தாளை அவள் பக்கமே தள்ளினாள். "ஒரு வரி விடாம வாசி."

பார்வை போகலாம். மூளையில் சீழ் பிடிக்கலாம். உயிருக்கே... நர்ஸ் வாசிக்க வாசிக்க, ராத்ரி மகளின் கையைப் பிடித்தபடி தலையாட்டினாள். புரியாத இடத்தில் நிறுத்தி, "மறுபடி சொல்லும்மா" என்று கேட்டாள்.