பச்சை மதுவும் ஒரு கள்ளக் கையெழுத்தும்

டண்டினொங்கில் இந்திரகுமாரின் மது இறக்குமதிக் கம்பனியில் ஆய்வுகூட வேலையைப் பார்த்தவள் மிருணாளினி. ஒருமுறை ஐரோப்பாவிலிருந்து வந்த அப்சிந்த் என்னும் பச்சை மதுவைச் சோதித்தாள். அதிலிருந்த துஜோன் என்ற நச்சுப்பொருள் சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. விற்கக்கூடாது என்று அறிக்கை எழுதிக் கொடுத்தாள். இந்திரகுமார் அறிக்கையிலிருந்த அளவைக் குறைத்து மாற்றி, அவளுடைய கையெழுத்தைத் தானே போட்டு, அவ்வளவையும் விற்றார்.

அதிகாரிகள் அந்த மதுவைப் பிடித்ததும் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அளவு பிழைச்சது உம்மாலதான் எண்டு எழுதித் தாரும். இல்லாட்டி உம்மட விசாவுக்குக் கம்பனி குடுத்த ஸ்பொன்சரை எடுத்துப்போடுவன். விசா இல்லாமல் என்ன செய்வீர்?"

எழுதிக் கொடுத்தாள். அதன்பிறகு எந்த ஆய்வுகூடமும் அவளை எடுக்கவில்லை. அதே கம்பனியில் இரண்டு வருடம் பெட்டி அடைத்தாள். ஒவ்வொரு பெட்டியையும் அவருடைய வாயை அடைப்பதாக நினைத்தே ஒட்டினாள். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த அன்றே வேலையை விட்டாள். உண்மை அறிக்கையின் பிரதி மட்டும் அவளிடம் இருந்தது.

போன மாசியில் டார்னெய்ட் என்ற புறநகரில் ஒரு புதுக் கடையின் கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. மது விற்க உரிமம் கேட்டிருந்தவர் இந்திரகுமார். ஆட்சேபனை இருந்தால் எழுதலாம் என்றிருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தாள். வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், ஆட்சேபனை எழுதி அந்த அறிக்கையையும் இணைத்து அனுப்பினாள்.

பத்தாம் நாள் அவர் அவளுடைய வீட்டுக் கதிரையின் நுனியில் இருந்தார்.

"பிள்ளை, அந்த ஆட்சேபனையைத் திருப்பி எடும். என்ன வேணுமெண்டாலும் செய்யிறன்."

"அண்டைக்கு என்ர கையெழுத்தைப் போட்டது ஆர் எண்டு எழுதித் தாங்கோ அங்கிள். பிறகு பாப்பம்."

எழுதினார். திகதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அவள் அதைக் கைபேசியில் படமெடுத்து, அவர் முன்னாலேயே உரிம அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

"என்ன செய்யிறீர்? எடுக்கிறன் எண்டனீர்!"

"பாப்பம் எண்டுதான் சொன்னனான். இப்ப எழும்புங்கோ."

அவர் அழுதார். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

உரிமம் மறுக்கப்பட்டது. விசாரணையும் தொடங்கியது. அவர் எழுதிய அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் ஆடியில் ஓர் ஆய்வுகூடத்தில் அவளுக்கு நேர்முகம் கிடைத்தது. பழைய முதலாளி மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"இருக்கிறது" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அங்கே வேலையில் சேர்ந்தாள்.