சமம் வேறு, ஒன்று வேறு

அகராதியில் அம்மாவைக் கடைசியில் தள்ளினால் யாருக்குத்தான் கோபம் வராது? கணினி அதைத்தான் செய்தது. அதில் தயாராக இருந்த வரிசைப்படுத்தும் கட்டளையைத் தட்டினால் அமர், அமைதி எல்லாம் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா பின்னால் நிற்பாள். புள்ளி வைத்த எழுத்துதான் முதலில் வர வேண்டும் என்பது அந்த மரமண்டைக்கு எங்கே தெரியும்?

அக்கா பொறுக்கமாட்டாமல் சொந்தமாகவே ஒரு கட்டளை எழுதினாள். இரண்டு சொற்களைக் கொடுத்தால் எது முந்தி, எது பிந்தி என்று அது சொல்லும். இரண்டும் சமமென்றால் பூஜ்யம் தரும்.

சலவைக் கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் அவளும் தங்கையும்தான் கம்பெனி. நல்ல சம்பளத்தை உதறிவிட்டு வந்தவளுக்கு இந்த அகராதிதான் முதல் வேலை. இதுவும் கைவிட்டுப் போனால் பழைய மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அகராதியின் பதிப்பாசிரியர் அம்மாள் காலையிலேயே வந்துவிட்டார். திரையில் 'அம்மா' சரியான இடத்தில் இருப்பதைப் பார்த்து முகம் மலர்ந்தார். அடுத்து 'ஆறு' என்று தட்டினார். மலர்ந்த முகம் சுருங்கிப்போனது.

"ஓடுற ஆறு இருக்கு. எண்ணுற ஆறு எங்கே? சூடு ஆறுதுன்னு சொல்றோமே, அந்த ஆறு எங்கே?"

தங்கை அவசரமாகத் தேடினாள். "அக்கா, படியும் ஒன்னுதான் இருக்கு. மாலையும் ஒன்னுதான்!"

"என் சொல்லையெல்லாம் முழுங்கிட்டு வரிசை மட்டும் அழகா இருந்து என்ன பிரயோசனம்?" அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டார். "சாயங்காலம் அச்சுக்குப் போகணும். நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அக்கா எழுந்து ஓடி வாசலை மறித்தாள். "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று கெஞ்சிவிட்டுத் தங்கைமேல் பாய்ந்தாள். "நீ எதையாவது அழிச்சுத் தொலைச்சியாடி?"

"என்மேல ஏன் எரிஞ்சு விழறே? எழுத்து ஒன்னா இருந்தா சமம்னு நீதானே எழுதினே?"

"சமம்னுதான்டி எழுதினேன், ஒன்னுன்னா எழுதினேன்?"

சொன்ன வாய் அப்படியே திறந்து நின்றது. அடப்பாவமே! சொற்களை அவள் போட்டு வைத்திருந்த தொகுப்பு, வந்ததே திரும்ப வந்தால் சேர்க்காது. பூஜ்யம் என்று கேட்டதும், 'இவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்' என்று இரண்டாவது ஆற்றையும் மூன்றாவது ஆற்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது. அது சொன்னபடி கேட்டது. சொன்னவள்தான் கோட்டை விட்டாள்.

எழுத்து சமமானால், அம்மாள் ஒவ்வொரு பொருளுக்கும் போட்டுக் கொடுத்த எண்ணைப் பார், அதில் எது சிறிதோ அது முந்தி. கூடுதலாக அந்த ஒரு வரியை எழுதி ஓடவிட்டாள்.

திரையில் ஆறு, ஆறு, ஆறு என்று மூன்றும் வரிசையாக வந்து நின்றன.

அம்மாள் லேசில் விடுகிற ஆளா? படியைத் தேடினார், மாலையைத் தேடினார். வளத்துக்கு அப்புறம்தானா வனம் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். எழுதிக் கொடுத்த சொல் ஒன்றுகூடக் குறையவில்லை. கைப்பை மறுபடி மேசைக்கு வந்தது.

"அச்சகத்துக்கு அனுப்பிடும்மா. அடுத்து மருத்துவ அகராதி இருக்கு. அதுவும் உங்களுக்குத்தான்."

அவர் படியிறங்கும் வரைகூட அக்காவால் பொறுக்க முடியவில்லை. தங்கையை இழுத்துக் கட்டிக்கொண்டு கீழே சலவைக் கடைக்கே கேட்கும்படி கத்தினாள்.

"ஜெயிச்சுட்டோம்டி! இனிமே எவன் முன்னாலயும் கைகட்டி நிக்க வேணாம்!"