ஆற்றுவிளை முற்றத்தில் ஒரு பகல்

கனகதாஸ் ஜெயிலிலிருந்து வருகிறான் என்ற செய்தி சத்யபாமாவுக்கு ரப்பர் மரத்தடியில் வைத்துத்தான் கிடைத்தது. சொன்னது பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டும் நேசையன்.

"பதினாலு வருசம் முடிஞ்சாச்சு பிள்ளே. உச்சைக்கு முன்ன வீட்டுல கேறிருவான். நீ மோனைப் பிடிச்சு வச்சுக்கோ."

இன்னும் நாற்பது மரம் பாக்கி இருந்தது. அடுத்த மரத்தில் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. அதற்கடுத்ததிலும் அப்படியே. இருபது வருசமாக வெட்டுகிற கை அப்படிப் பிசகியதே இல்லை. பால் வடிகிற சிரட்டைகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மகன் அபிலாஷ் வீட்டில் இல்லை. ஜேசிபி ஓட்டப் போகிறவன் ஐந்தரைக்கே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் வேலைக்குப் போடும் சட்டை கொடியில் தொங்கியது. அவித்து வைத்த மரச்சீனிக் கிழங்கு ஆறிக் கிடந்தது. போனில் கூப்பிட்டாள், அணைத்து வைத்திருந்தான். அடுக்களைப் பின்புறம் விறகுக்கு மேலே செருகி வைக்கும் வெட்டுகத்தியும் இல்லை.

அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கிணற்றடிக்குப் போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள்.

பனவிளை, ஆற்றுவிளை என்று இரண்டு வீட்டுக்காரர்கள். ஆரியங்கோட்டிலிருந்து ஒற்றசேகரமங்கலம் போகும் வழியில் உள்ளவர்களுக்கு இந்தப் பகை தெரியும். பனவிளையைச் சேர்ந்த மோகனனை, அதாவது சத்யபாமாவின் கணவனை, ஆற்றுவிளைக் கனகதாஸ் ஓடைக்கரையில் வைத்து வெட்டிக் கொன்றான். அபிலாஷுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. மறுவருசம் மோகனனின் தம்பி சஜி, கனகதாசின் அண்ணன் சோமனின் வலக்கையை மணிக்கட்டோடு எடுத்தான். சஜி ஏழு வருசம் உள்ளே கிடந்துவிட்டு இப்போது கொல்லத்தில் ஏதோ மரக்கடையில் இருக்கிறான். ஸ்டேஷனில் இரண்டு தடவை சமாதானம் எழுதி ஒப்புப் போட்டார்கள். எழுதின பேப்பர் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

மகனை எங்கே போய்த் தேடுவது? உதியன்குளங்கரையில் அவனுக்கு ஒரு கூட்டுக்காரன் உண்டு, பாறசாலையில் ஒருத்தன் உண்டு. அவன் போகிற இடம் தெரியாது. ஆனால் வந்து சேரப்போகிற இடம் தெரியும். அது மனசில் பட்டதும் அவள் வேலிப்படலைத் திறந்து நடந்தாள்.

நேரே போனால் ஆற்றுவிளை இருநூறு அடிதான். நடுவே மாமனார் கட்டின செங்கல் மதில் நின்றது. ரோட்டுக்கு ஏறி, ஓடைப்பாலம் சுற்றித்தான் போகவேண்டும். கல்யாணமாகி வந்து இருபத்தெட்டு வருசத்தில் அந்த முற்றத்தை அவள் மிதித்ததில்லை.

கனகதாசின் மனைவி பிரசீதா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையில் இருந்த முறியை நழுவவிட்டாள்.

"சேச்சி... அவங்க இப்பதான் வந்து..."

"தெரியும். நான் வழக்குக்கு வரல்ல. இருக்க வந்தேன்."

"இருக்கவா?"

"எனக்க மோன் இண்ணைக்கு இஞ்ச வருவான். நான் இருந்தா அவனுக்க கை பொங்காது. பொங்கினா முதல்ல எனக்க மேல படட்டு."

சோமன் உள்ளேயிருந்து இடக்கையால் ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தான். வலக்கை இருந்த இடத்தைத் தோர்த்துத் துண்டால் மூடியிருந்தான். அவள் ஸ்டூலில் உட்காரவில்லை. படியில் உட்கார்ந்தாள், வாசலை மறித்தாற்போல.

கனகதாஸ் குளித்துவிட்டு வந்தான். தலை முழுக்க நரைத்து, தோள் இறங்கி, யாரோ போல இருந்தான். அவளைக் கண்டதும் சுவரோடு சேர்ந்து நின்றுவிட்டான். உட்காரச் சொல்ல ஆளில்லாததுபோல வெகுநேரம் நின்றான்.

ரோட்டில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாலு பேரும் தலை தூக்கினார்கள். கேஸ் வண்டி போயிற்று, மீன்காரன் ஸ்கூட்டர் போயிற்று. பிரசீதா பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி, மேலே எறும்பு மிதந்தது.

பேசாமல் இருக்க முடியாமல்தானோ என்னவோ, சோமன் ஆரம்பித்தான். "இது எங்க தொடங்கிச்சுண்ணு உனக்குத் தெரியுமா சத்யபாமா?"

"அம்பலத்துக் கொடைக்கு உங்க அப்பன் எங்க மாமனை அடிச்சதுல."

"அது பின்ன. அதுக்கு முன்ன எனக்க அம்மை செத்தா. நல்ல மழை. ஓடை நெறஞ்சு பாலத்துக்கு மேல தண்ணி. சவத்தை உங்க விளை வழியா எடுத்தோம், எல்லாரும் நடக்குத வழி ஆக்கும். உங்க மாமன் குறுக்க நிண்ணாரு. பக்கத்துல மோகனன், கையில வெட்டுகத்தி. திரும்பினோம். ஓடையில இறங்கும்போ எனக்குக் கால் வழுக்கிச்சு. அம்மை தண்ணியில விழுந்துட்டா." அவன் தோர்த்தைச் சரிசெய்தான். "கனகதாசுக்கு அப்போ பதினாறு வயசு. அவந்தான் சாடி இறங்கித் தப்பித் தடவி எடுத்தான்."

சத்யபாமா இதைக் கேட்டதே இல்லை. மோகனன் ஒரு நாளும் சொன்னதில்லை. மதில் எதற்கு என்று அவள் கேட்டபோது, மாடு கேறாமலிருக்க என்று சொன்னான்.

"அதுக்காக ஒருத்தனைக் கொல்லுததா?" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.



மூன்று மணி வாக்கில் பைக் வந்து நின்றது. அபிலாஷ் இறங்கி வந்தான். வெட்டுகத்தியை மறைக்கக்கூட இல்லை. படியில் அம்மாவைக் கண்டதும் அவன் முகம் குழம்பிப்போயிற்று.

"நீ எதுக்கு இஞ்ச வந்த? எந்திரி. வீட்டுக்குப் போ."

"நீ போ மக்கா. நான் பொறவு வாறேன்."

"மாறி நில்லு அம்மா!"

"மாறமாட்டேன்."

கனகதாஸ் சுவரை விட்டு இறங்கி முற்றத்துக்கு வந்தான். பிரசீதா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டான்.

"எனக்க அப்பன் உனக்கு என்ன செஞ்சாருலே?" அபிலாஷ் கேட்டான்.

"அண்ணைக்கு ஒண்ணும் செய்யல்ல. குளிச்சுட்டுத் தனியா வந்தான்." கனகதாஸ் தரையைப் பார்த்தே பேசினான். "கோர்ட்டுல நான் இல்லேண்ணு சொன்னேன். நாந்தான். விழுந்து கெடந்து தண்ணி கேட்டான். பக்கத்துல ஓடை உண்டு. நான் குடுக்கல்ல. பாத்துட்டு நிண்ணேன்."

சத்யபாமா எழுந்தது யாருக்கும் தெரியாது. அவன் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். மூன்றாவது அடிக்குக் கை தானாகவே நின்றுவிட்டது. கனகதாஸ் அசையவில்லை. சோமன் தடுக்கவில்லை. பிரசீதா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பதினாலு வருசமாக, அந்த வாயிலிருந்து உண்மை வந்தால் நெஞ்சு இறங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. தண்ணீர் என்ற ஒரு வார்த்தை புதிதாக உள்ளே போய்க் குத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

மகனிடம் திரும்பினாள். கத்தியைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்ததும் அவன் அவளைப் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்குப்பிறகு அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்: "கனகதாசு, நான் உனக்கு ஒண்ணும் பொறுக்கல்ல. அத நினைக்காதே. எனக்க மோன் கண்ணுல ஒரு வருசம் நீ படக்கூடாது. அவன் அம்பலத்துக்கு வந்தா நீ வராதே, அவன் ரோட்டு முக்குல நிண்ணா நீ மாறிப் போ. சஜி வந்தா சோமண்ணன் அவனைத் தேடிப் போகக்கூடாது. மதில் எனக்க பேருல உள்ள மண்ணுல நிக்குது. அத நான் எடுக்கிறேன்."

"மதிலை எடுக்கவா?" சோமனுக்கு விளங்கவில்லை.

"உங்க அம்மைக்கு அண்ணைக்கு வழி குடுத்திருக்கணும்."

கனகதாஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

ஒரு வாரம் கழித்து அவள் கடப்பாரையோடு மதிலில் கைவைத்தபோது, மறுபக்கத்திலிருந்து சோமன் ஒற்றைக்கையால் செங்கல்லை எடுத்து அடுக்கினான். பிரசீதா கஞ்சி கொண்டுவந்தாள். கனகதாஸ் வெளியே வரவில்லை; அவள் சொன்ன சொல்லை அவன் காத்தான்.

அபிலாஷ் ஒரு மாசம் அவளோடு பேசவில்லை. ஊரில் சிலர், அப்பனைக் கொன்றவன் வீட்டில் போய் இருந்தவள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். மதிலை எடுத்த காரணம் ஊரில் பரவி அவன் காதுக்கும் எட்டியிருந்தது. ஒருநாள் காலையில், செருப்பைப் போட்டுக்கொண்டே அவன் கேட்டான்:

"அந்த சவத்த மறிச்சப்போ அப்பன் அங்க உண்டா?"

"உண்டு."

அவன் படியிறங்கிப் போனான். அடுத்த வாரம் கோட்டயம் பக்கம் ஒரு ரோட்டு வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான்; சாப்பிட்டியா, பால் வெட்டினியா, அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்தபிறகு அவள் கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் சும்மா நடப்பாள். பகை தீர்ந்ததா என்று நேசையன் கேட்டதற்கு, "இந்த வருசம் ஆரும் சாகல்ல அண்ணே" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.